கல்பகம் மிஸ்ஸின் ஒற்றை விரல்

வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குகிற பிள்ளையைக் கண்டால் கல்பகம் அதட்ட மாட்டாள். ஆள்காட்டி விரலை மட்டும் தோளுக்கு மேலே தூக்கிப் பிடிப்பாள். ‘இரு, உள்ளே இன்னும் ஒரு கவளம் பாக்கி இருக்கிறது’ என்று அதற்கு அர்த்தம். விரல் இறங்குகிற வரைக்கும் ஏழாம் வகுப்பில் ஒரு வாய் திறக்காது. சண்டை போட்டுக்கொண்டிருக்கிற பயல்கள்கூட மென்று விழுங்கிவிட்டுத்தான் சண்டையைத் தொடர்வார்கள்.

ஹைதராபாத் பக்கம், திருமுல்கேரியில் ராணுவக் குடியிருப்பை ஒட்டிய பள்ளிக்கூடம் அது. கல்பகம் அங்கே சயன்ஸ் டீச்சர். வெள்ளிக்கிழமை மட்டும், மதியச் சாப்பாட்டுக்கு முந்தின பீரியட் கைத்தொழிலுக்கு என்று அவளிடம் விடப்பட்டிருக்கிறது. மற்றப் பள்ளிகளில் அந்த நேரத்தில் மெழுகுவத்தி செய்வார்கள், கைக்குட்டையில் பூப்போடுவார்கள். கல்பகம் பிள்ளைகளைக் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள கீரைப் பாத்திக்கு ஓட்டிக்கொண்டு போவாள். களை பிடுங்கி, தண்ணீர் ஊற்றி, கைகழுவிய பிறகு சீதாப்பழ மரத்தடியில் கிடக்கிற அகலப் பாறையில் உட்கார்ந்து அவரவர் டப்பாவைத் திறக்க வேண்டும். முதல் சில கவளங்களைக் கண்ணை மூடிக்கொண்டு, பேசாமல் சாப்பிட வேண்டும்.

“ஒரு வாய்க்கு எத்தனை தடவை மெல்லணும் மிஸ்?” என்று ஒருத்தி கேட்டாள்.

“எண்ணறதுக்கு மேத்ஸ் பீரியட் இருக்கு. நீ ருசியைப் பாரு” என்றாள் கல்பகம்.

கண்ணைத் திறந்ததும் என்னென்ன காதில் விழுந்தது என்று சொல்ல வேண்டும். கிளி கத்தியது என்பான் ஒருவன். மல்லாபூர் ஃபாக்டரிச் சங்கு என்பாள் ஒருத்தி. பின்வரிசைக் குண்டன் ஒருநாள் எழுந்து, “என் பல்லு சத்தம் மிஸ்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கல்பகம் சிரிக்கவில்லை, அன்றைக்கு அவனுக்குத்தான் சபாஷ் கிடைத்தது.

இதெல்லாம் தொடங்கியது இரண்டு வருஷத்துக்கு முன்னால். காலை அசெம்பிளியில் ஒரு பையன் சுருண்டு விழுந்தான். முகத்தில் தண்ணீர் தெளித்து, “காலம்பற என்னடா சாப்பிட்டே?” என்று கேட்டாள். டீயும் பிஸ்கட்டும் என்றான். மறுநாள் வகுப்பில் எல்லோரையும் கேட்டாள். பாதிப் பேருக்கு மேல் அதே டீ, அதே பிஸ்கட். ஆபீசர் வீட்டுப் பிள்ளை, தொழிலாளி வீட்டுப் பிள்ளை என்ற பேதமெல்லாம் அதில் இல்லை. கும்பகோணத்துக்காரியான கல்பகத்துக்கு மனசு பொறுக்கவில்லை. அந்த வாரமே மண்வெட்டி கேட்டு ஆபீஸ் அறைக்குப் போய் நின்றாள்.

அவள் கைப்பையைத் திறந்தால் திருத்த வேண்டிய தாள்களோடு கொத்துக் கறிவேப்பிலையும், மண் ஒட்டிய கத்தரிக்கோலும், ஓமப் பொட்டலமும் இருக்கும். பேச்சில் கும்பகோணமும் ஹைதராபாத்தும் சம்பந்தி ஆகிவிட்டன. “அவசரம் நக்கோ ரா கண்ணா, வேண்டாம்டா, பிரெட்டுக்கும் ஜாமுக்கும் பல்லு எதுக்குடா?” என்பாள். வீட்டுப் பக்கத்தில் முளைக்கிற கீரை ஒன்று கொண்டுவாருங்கள் என்று ஒருமுறை சொன்னதற்கு, மேஜர் மகன் ஆபீசர்கள் மெஸ் தோட்டத்திலிருந்து குரோட்டன்ஸ் செடியை வேரோடு தூக்கிக்கொண்டு வந்தான். தோட்டக்காரர் பள்ளி வாசல் வரை துரத்திக்கொண்டு வந்தார். அவரை உட்கார வைத்து மோர் கொடுத்து, எது கீரை எது அழகுச் செடி என்று பிள்ளைகளுக்கு அவர் வாயாலேயே சொல்ல வைத்தாள்.

மல்லாபூரிலிருந்து வருகிற பாலமணி முதலில் டப்பாவைப் பாதி மூடியபடியே சாப்பிடுவாள். உள்ளே சோள ரொட்டியும் புளிச்சக்கீரையும். மற்றவர்கள் பார்த்துவிடுவார்களே என்று கூச்சம். கல்பகம் ஒன்றும் பிரசங்கம் பண்ணவில்லை. “எனக்கு ஒரு துண்டு குடேன்” என்று கேட்டு வாங்கி, நடந்துகொண்டே வாயில் போட்டுக்கொண்டாள். இப்போது பாறையில் அந்த ரொட்டிக்குத்தான் கிராக்கி.

நடந்துகொண்டே. அதுதான் கல்பகத்தின் லட்சணம். காலையில் கணவர் ரமணிக்கு கம்பெனி பஸ், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட பஸ், அவளுக்கு டவுன் பஸ். ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்தவர் கிடையாது. அடுப்பு மேடையில் தட்டு, ஒரு கையில் கரண்டி. பள்ளியிலோ பிள்ளைகள் டப்பாக்களை மோந்து பார்த்துக்கொண்டு வரிசை வரிசையாகத் திரிவாள். அவளுடைய தயிர்சாதம் ஸ்டாஃப் ரூமில் காய்ந்து கிடக்கும். நெஞ்செரிச்சலுக்குத்தான் அந்த ஓமம். “ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி கண்ணே” என்று ரமணி சிரிப்பார். அவளும் சிரித்துவிட்டு, நின்றபடியே மோரைக் குடிப்பாள்.

போன ஜனவரியில் வந்தது வினை. சாந்தா என்கிற பெண் பாறைப் பாடத்தை வீட்டிலும் கடைப்பிடிக்கத் தொடங்கிவிட்டாள். அப்பா உமாசங்கர் எலக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரியில் இன்ஜினீயர். காலனிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருகிற பஸ் யாருக்காகவும் நிற்காது. தோசையை ரசித்து மென்ற சாந்தாவை விட்டுவிட்டுப் பஸ் போய்விடும். அவளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு ஓடியதில் உமாசங்கருக்கு ஃபாக்டரி கேட்டில் லேட் மார்க் விழுந்தது. நேரே பிரின்ஸிபால் ஜம்புநாதனிடம் வந்தார்.

“சார், கணக்குல பாதி மார்க்குதான் வாங்கறா. தோசையை மட்டும் அரைமணி மெல்லறா. இதுக்கு ஒரு பீரியடா?”

ஜம்புநாதன் பட்டாளத்தில் பாடம் நடத்திவிட்டு வந்தவர். அவருக்கு மணிதான் வேதம். “வெள்ளிக்கிழமை நீங்களே வந்து பாருங்கள். உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால், திங்கள் முதல் அது கணக்குப் பீரியட்” என்று சொல்லிவிட்டார்.  இத்தனை வருஷ சர்வீஸில், யாரும் சொல்லாமல் கல்பகம் தானாக ஆரம்பித்த காரியம் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை உமாசங்கர் வந்தார், கூடவே ஜம்புநாதனும் வாட்சைப் பார்த்தபடி வந்து நின்றார். உமாசங்கரின் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் நெஞ்செரிச்சல் மாத்திரைப் பட்டை. பாறையில் அவருக்கும் இடம் விட்டார்கள். பாலமணி தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கீரையோடு நீட்டினாள். பிள்ளைகள் கண்ணை மூடினார்கள். உமாசங்கர் பழக்கதோஷத்தில் நாலே வாயில் முடித்துவிட்டு, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் மகளைப் பார்த்தார். கண்ணை மூடி, அவசரமே இல்லாமல் அவள் மென்றுகொண்டிருந்தாள். வீட்டில் அந்த முகத்தை நின்று பார்க்க அவருக்கு நேரம் இருந்ததில்லை.

ஆனாலும் இன்ஜினீயர் அல்லவா, கேட்க வந்ததைக் கேட்டார்.

“எல்லாம் நன்னாத்தான் இருக்கு டீச்சர். ஷிஃப்டுக்கும் பஸ்ஸுக்கும் ஓடற ஆத்துல இது நடக்கற காரியமா? தப்பா நினைச்சுக்காதீங்கோ. இன்னிக்குக் காலம்பற நீங்க எப்படிச் சாப்பிட்டேள்?”

பிள்ளைகள் அத்தனை பேரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். ஜம்புநாதன் வாட்சைப் பார்ப்பதை நிறுத்தினார். ஒரு பொய் சொன்னால் பீரியட் பிழைக்கும். கல்பகத்துக்குக் காது சிவந்தது.

“நின்னுண்டுதான். அரை டம்ளர் மோரைக் குடிச்சுட்டு பஸ்ஸுக்கு ஓடி வந்தேன்” என்றாள். “தினமும் அப்படித்தான். வெட்கமாத்தான் இருக்கு. இந்தக் குழந்தைகளாவது அப்படி ஆகப்படாதுன்னு...” 

 பாலமணி எழுந்தாள். “மிஸ், மீ டப்பா எக்கட?” என்று தெலுங்கில், அவளுடைய டப்பா எங்கே என்று கேட்டாள். கல்பகம் ஸ்டாஃப் ரூம் பக்கம் கையைக் காட்டினாள். பாலமணி ஓடிப்போய்த் தயிர்சாத டப்பாவை எடுத்துவந்தாள். சாந்தா நகர்ந்து உட்கார்ந்து, தன் பக்கத்தில் பாறையைக் கையால் தட்டிக் காட்டினாள்.

கல்பகம் உட்கார்ந்தாள். புடவைக் கொசுவத்தில் கீரைப் பாத்தி மண் அப்படியே இருந்தது. ஒரு கவளத்தை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

உமாசங்கர் ஜம்புநாதன் பக்கம் திரும்பினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “இந்தப் பீரியட் இருக்கட்டும் சார். நான் இவளைக் கொஞ்சம் முன்னாடி எழுப்பி விடறேன். நானும் எழுந்துக்கறேன்” என்றார்.

மணி அடித்தது. ஒருவரும் அசையவில்லை. ஜம்புநாதன் வாட்சைப் பார்த்தார், கட்டடத்தைப் பார்த்தார், “மிஸஸ் கல்பகம்...” என்று ஆரம்பித்தார்.

கல்பகம் கண்ணைத் திறக்கவில்லை. மென்றுகொண்டே, ஆள்காட்டி விரலை மட்டும் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.