மரபூதம் செல்லாது

இப்போதெல்லாம் புது கார்டு ஒன்றைக் கையில் எடுத்தால், மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதம்தான் நினைவுக்கு வருகிறது. அத்தனை பொடி எழுத்து. மலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனக்கு மருந்தாளுநர் வேலை. வாரம் முழுக்க அந்தக் காகிதங்களோடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விளையாட்டிலும் அதையே படி என்றால் சலிக்காதா? பூதத்தையும் டிராகனையும் இறக்கி மோதவிடும் இந்தக் கார்டு ஆட்டத்துக்கு நான் வந்தபோது ஒரு கார்டுக்கு ஒரு படம், கீழே இரண்டு வரி. டிராகன் என்றால் பறக்கும், நெருப்பு கக்கும், அவ்வளவுதான். இப்போது வரும் டிராகன் பறப்பதற்கு முன்னால் மூன்று நிபந்தனை போடுகிறது.

எழுத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், வேகம்தான் தாங்கவில்லை. சில மாதத்துக்கு ஒரு புதுக் கார்டுத் தொகுப்பு. போன தொகுப்பில் ராஜாவாக இருந்தவன் இந்தத் தொகுப்பில் எடுபிடி. நாலாவது சுற்றிலேயே ஆட்டம் முடிந்துவிடுகிறது. போனில் ஆடினால் கணக்கையெல்லாம் அதுவே போட்டுவிடும், தப்பு செய்யவே விடாது. விதியைச் சொல்லி அரைமணி நேரம் சண்டை போடுவதுதான் பாதி ஆட்டம் என்று அதைச் செய்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

மலையில் என்னோடு ஆடுகிறவர் ஒரே ஒருவர். சாமை விதைக்கிறவர், நாலைந்து புளியமரம் வைத்திருப்பவர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். ஆறு வருடத்துக்கு முன் சர்க்கரை மாத்திரை வாங்க வந்தபோது என் மேசையில் கிடந்த கார்டுகளைப் பார்த்து, "இன்னா சார் இது, சாமி படமா?" என்றார். அப்படித்தான் ஆரம்பம். ஒவ்வொரு கார்டிலும் ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் எழுதி, அதன் பிளாஸ்டிக் உறைக்குள் செருகிக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் அதைப் பார்க்காமலே ஆடினார்.

அவருக்குப் பிடித்தது மரபூதம் என்ற பழைய கார்டு. இறக்கியவுடன் அது ஒன்றும் செய்யாது, சும்மா நிற்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பலம் கூடும். அது வளரும்வரை நாம் அடி வாங்கிக்கொண்டு பொறுத்திருக்க வேண்டும். நான் பதறிப்போய்க் கையில் இருப்பதையெல்லாம் இறக்கிவிடுவேன். அவர் அசையமாட்டார். பாதிக்கு மேல் தோற்றது நான்தான்.

அவருக்கு ஒரே ஆசை. "உங்ககிட்டயே ஆடினு இருந்தா இன்னா தெரியும் சார்? வேற யாராச்சும் எதிர்ல ஒக்காந்தா நான் நிப்பனான்னு பாக்கணும்." வேலூரில் ஒரு கடையின் மாடியில் போட்டி நடக்கும், கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. லீவில் கீழே இறங்கியவன், கண்ணமங்கலத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போனில் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய தொகுப்புகள் இனிப் போட்டியில் செல்லாதாம். மரபூதமும் அதில் போயிற்று. மருந்துக்குக் காலாவதித் தேதி உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அட்டைக்கு எதற்கு?

மேலே மலையில் டவர் கிடையாது. நான் சொன்னாலொழிய அவருக்குத் தெரிய வழியில்லை. நான் சொல்லவில்லை. சொன்னால் சலித்துப்போய் ஆட்டத்தையே விட்டுவிடுவார், அப்புறம் அந்த மலையில் எனக்கு எதிரே உட்கார யாருமில்லை. அவர் மனசு நோகும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டதெல்லாம் சும்மா.

அதற்குப் பதில் ஒரு சாமர்த்தியம் செய்தேன். செல்லுபடியாகும் புது பாக்கெட்டுகளாக ஒரு பை நிறைய வாங்கிவந்து, "இதை வெச்சே ஒரு கட்டு சேத்துப் பாருங்கண்ணா" என்று கொடுத்தேன். அடுத்த ஞாயிறு பழைய கட்டோடுதான் வந்தார். புதுசு எங்கே என்று கேட்டேன்.

"வூட்ல சாமிகிட்ட வெச்சிருக்கேன் சார். புது சாமையவே படைக்காம வாயில வைக்க மாட்டோம். திருவிழா முடியட்டும், பிரிச்சிக்கலாம்."

திருவிழாவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. இப்போதே பிரியுங்கள் என்றால் ஏன் என்று கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டிவரும். வாயை மூடிக்கொண்டேன். சின்னப் போட்டிதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

பார்த்தார்கள். போட்டியன்று இஸ்திரி போட்ட சட்டையோடு அவர் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். கட்டுகளைச் சரிபார்த்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். "இது இப்ப செல்லாதுங்க. பழைய செட்டு."

அவர் மரபூதத்தை உறையிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "கிழியல, மடங்கல, நல்லாத்தான கீதும்மா" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன்.

எனக்கும் ஆட மனம் வரவில்லை. சாயங்காலம்வரை இருவரும் பின்னால் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தோம். "நாலு சுத்துல முடிச்சிடறாங்களே, மரம் எப்ப வளர்றது?" என்று ஒருமுறை கேட்டார்.

திரும்பும் பஸ்ஸில், கணியம்பாடி தாண்டியதும் என் பக்கம் திரும்பினார். "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"தெரியாதுண்ணா."

உடனே நம்பிவிட்டார். என் தோளைத் தட்டினார். "விடுங்க சார். மேல டவரும் இல்ல ஒண்ணும் இல்ல, உங்களுக்கு மட்டும் எப்டித் தெரியும்? எனக்கோசரம் நீங்களும் ஆடாம ஒக்காந்துட்டீங்களேன்னுதான் கஷ்டமா கீது."

அந்த இடத்திலேயே பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிடலாம் போலிருந்தது. அவ்வளவு அவமானம். ஆனால் இறங்கவில்லை, உண்மையைச் சொல்லவும் இல்லை.

இன்னும் ஞாயிறு தவறாமல் வருகிறார். ஒவ்வொரு வாரமும் சொல்லிவிடலாம் என்று வாயெடுக்கிறேன். "உங்க ஆட்டம் சார்" என்கிறார், கார்டை இறக்கிவிடுகிறேன். நான் பயந்தது நடக்கவில்லை, எதிரே உட்கார எனக்கு ஆள் இருக்கிறது. வேறு யாராவது எதிரில் உட்கார்ந்தால் நிற்போமா என்று மட்டும் அவர் இப்போது கேட்பதில்லை.