மாடாம் பாக்கியத்தின் கடைசி ஃபிட்டிங்

"பா பூஜே!" என்கிறாள் பாக்கியம். அசையாதே என்று அர்த்தம். வாயில் ஏழெட்டுக் குண்டூசிகள் இருப்பதால் பாதிதான் வெளியே வருகிறது. ஸ்டூல்மேல் ஏறி நிற்கும் பிரிஜித்துக்கு அந்தப் பாதியே போதும். அவளுடைய பாவாடை விளிம்பைச் சுற்றி ஊசி குத்திக்கொண்டே பாக்கியம் தான் எழுதும் கதையை விட்ட இடத்திலிருந்து எடுக்கிறாள். துறைமுகத்தில் வேலைநிறுத்தம். மூட்டை தூக்கும் ரொஜேயைப் போலீஸ் தேடுகிறது. அவன் கப்பலேறப் போகிறான் என்று கேள்விப்பட்டு, குட்லண்ட்ஸ் ஊரில் கரும்பு வெட்டும் அவன் காதலி சின்னம்மா கத்தியைக் காட்டிலேயே போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடி வருகிறாள். பஸ் நடுவழியில் நின்றுபோகிறது.

இந்த இடத்தில் பாக்கியமும் நிறுத்திவிடுவாள். எழுந்து, டேப்பைப் பிரிஜித்தின் இடுப்பில் சுற்றுவாள். அந்த இடுப்பைப் போன வாரமே அளந்தாயிற்று. இப்போது அளப்பது மூச்சை. டேப் அசையாமல் நின்றால் அத்தியாயம் தேறிவிட்டது. அடுத்து, கையளவு எடுக்கிற சாக்கில் முழங்கைப் பக்கம் பார்ப்பாள். ரோமம் சிலிர்த்து நின்றால் காதுப் பக்கம் செருகிய சாக்பீஸை எடுத்துப் பழுப்புத் தாளில் ஒரு கோடு போடுவாள். சிலிர்க்கவில்லையா, அந்த அத்தியாயம் பிரித்துத் தைக்கப்படும். வாயால் "ஆகா, அருமை" என்று சொல்லும் பாராட்டை அவள் நம்புவதே இல்லை.

"வாய் பொய் சொல்லும் மா செர், என் கண்ணே. கை சொல்லுமா?"

தீவின் தலைநகர் போர்ட் லூயிஸை ஒட்டிய டிராங்கெபாரில் அவளுடைய தகரக் கூரை வீட்டு வாசலில் 'மாடாம் பாக்கியம், தையல்' என்று பலகை தொங்குகிறது. பேச்செல்லாம் தீவின் மொழியான கிரியோல். எழுதுவது, ஆறாம் வகுப்பு வரை படித்த பிரெஞ்சில். தமிழ் கோயிலோடு சரி. முருகனிடம் மட்டும்தான் தமிழ் பேசுவாள். அதுவும் மனப்பாடம் செய்த நாலு வரி, அப்புறம் அவரிடமும் கிரியோல்தான். இங்கே அவள் வாயில் தமிழாக வருவதெல்லாம் அந்தக் கிரியோலே.

நாவலை எழுதுவது, உடுப்புக்கு மாதிரி வெட்டி மிஞ்சிய பழுப்புத் தாளில். ஒரு பக்கம் சட்டைக் கை வடிவத்தில் இருக்கும், இன்னொன்று கழுத்துப்பட்டி போல வளைந்திருக்கும். அத்தியாயங்களுக்கு எண் கிடையாது, உடுப்புப் பெயர்தான். வேலைநிறுத்தம் தொடங்குவது 'அனியின் கல்யாணக் கவுன்'. ரொஜே அடி வாங்குவது 'பள்ளிக்கூட டீச்சரின் சாம்பல் ஜாக்கெட்'. வாடிக்கைக்காரிகளுக்கும் இதில் பங்கு உண்டு என்று நினைப்பு. ரொஜேயைச் சாகடிக்காதே என்று கெஞ்சுவாள் ஒருத்தி, அந்தப் பயலைக் கடலில் தள்ளு என்பாள் மற்றொருத்தி. பாக்கியம் எல்லாருக்கும் தலையாட்டுவாள். எழுதுவது என்னவோ தன் இஷ்டப்படிதான்.

அறுபதாம் வருஷம் கரோல் புயல் வந்தது. கூரையைப் பிய்த்தது. அலமாரியைக் கவிழ்த்தது. மூன்று வருஷ எழுத்தை, ஒரு தாள் விடாமல், அள்ளிக்கொண்டு போய்விட்டது. பாக்கியத்தின் புருஷன் நாகலிங்கம் தையல் மெஷினைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றினான். அதற்கு அவள் நன்றி சொல்லவில்லை, திட்டினாள். "மெஷினை இன்னொண்ணு வாங்கலாம்யா! சின்னம்மாவை எந்தக் கடையில வாங்குவேன்?" கூரையில்லாத வீட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அப்போதுதான் அந்த வேண்டுதல். கதை திரும்பக் கிடைத்து, அவள் பெயரோடு அச்சுக்கும் போய்விட்டால், காவடித் திருநாளன்று நாக்கில் வேல் குத்தி, ஒரு வார்த்தை பேசாமல் பால்குடம் எடுப்பதாக முருகனுக்குச் சொல்லிவிட்டாள்.

"இதைவிட லேசா தீ மிதிக்கிறேன்னு சொல்லியிருக்கலாமே!" என்றாள் பிரிஜித். தெருவே சிரித்தது. நாகலிங்கம் மட்டும் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

கதை திரும்பி வந்த விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் பாக்கியத்துக்கு இன்றைக்கும் கால் தரையில் நிற்காது. புயலில் கிழிந்த உடுப்புகளோடு வாடிக்கைக்காரிகள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஸ்டூலில் ஏறி நின்றார்கள். இந்த முறை கதை சொன்னது அவர்கள். அனி தன் கவுன் அத்தியாயத்தை அப்படியே ஒப்பித்தாள். பிரிஜித் பஸ் நின்ற மேட்டைக்கூட மறக்கவில்லை. பாக்கியம் கீழே உட்கார்ந்து, "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். தன் கதையைக் கேட்டுத் தன் கையே சிலிர்த்ததைப் பார்த்துவிட்டு, "ஆயோ மாமா! அம்மாடியோ! இது நெஜமாவே நல்லாத்தான் இருக்கு!" என்று கத்தினாள்.

ஒரு வருஷத்தில் நாவல் மீண்டும் உருண்டு திரண்டது. அதை மேசை விரிப்பில் மூட்டையாகக் கட்டி, போர்ட் லூயிஸில் வாரப் பத்திரிகை ஒன்றை நடத்தும் மிஸ்யே ஜில்பெரிடம் தூக்கிக்கொண்டு போனாள். அவர் கழுத்துப்பட்டி வடிவப் பக்கத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சிரித்தவர் மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் டிராங்கெபார் மேட்டில் வேர்க்க விறுவிறுக்க ஏறி வந்தார்.

"கடைசிப் பாகம் எங்கே மாடாம்? பெண் துறைமுகத்து வாசலில் நிற்கிறாள், சங்கு ஊதுகிறது, அதோடு தாள் முடிந்துவிட்டதே!"

"கடைசி ஃபிட்டிங் பாக்காம உடுப்பைக் கையில குடுக்கிற வழக்கம் இந்தக் கடையில கிடையாது மிஸ்யே. அச்சு எப்படி விழுதுன்னு பார்க்கிறேன். அப்புறம் தர்றேன்."

வாராவாரம் தொடராகப் போடுவது என்று முடிவாயிற்று. முதல் பகுதி காவடிக்கு மறுநாள் சனிக்கிழமை வெளிவரும். பாக்கியம் காவடிக்கு முந்தைய பத்து நாள் விரதத்தில் சாப்பிட்டதைவிடப் பேசியதுதான் அதிகம். பின்னால் ஒரு நாள் பேச முடியாதே, அதற்கும் சேர்த்துப் பேசுகிறாள் என்றான் நாகலிங்கம்.

வெள்ளிக்கிழமை காலை ஆற்றங்கரையில் குளித்து, மஞ்சள் சேலை கட்டி, நாக்கில் வெள்ளி வேல் குத்திக்கொண்டாள். தலையில் பால்குடம் ஏறியது. பிரிஜித் மாதா கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரோடு பக்கத்தில் நடந்தாள். "இன்னிக்கு நான்தான் அவ வாய்" என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பாதி வழியில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஜில்பெர் வந்தார். கையில் ஈரம் காயாத புரூஃப் தாள்.

"பன்னிரண்டு மணிக்கு மெஷின் ஓடவேண்டும் மாடாம், ஒரே ஒரு விஷயம்" என்று தாளை அவள் கண்ணுக்கு நேரே விரித்தார்.

சின்னம்மா அச்சில் இருந்தாள்! கரும்புக்காடு, கத்தி, காலை வெயில் எல்லாம் வரிவரியாக! பாக்கியத்தின் கண் தாளில் மேலே ஏறியது. தலைப்புக்குக் கீழே, எழுதியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், கொட்டை எழுத்தில் 'மாடாம் கரோல் துவால்' என்று இருந்தது.

"நல்ல பிரெஞ்சுப் பெயர்" என்றார் ஜில்பெர். "டிராங்கெபார் தையல்காரி எழுதினாள் என்றால் எவன் வாங்குவான்? கரோல் என்றால் இந்தத் தீவில் மறந்தவர் யாராவது உண்டா? சரி என்று ஒரு தலையசைப்புப் போதும். இல்லையென்றால் வேறு கதை தயாராக இருக்கிறது, அதைப் போட்டுவிடுவேன்."

தலையில் குடம், தலையாட்டவும் முடியாது. தன் கதையைத் தூக்கிக்கொண்டு போன புயலின் பெயரைத் தன் கதைக்கே வைத்திருக்கிறான் மனுஷன்! நாற்பது வருஷம் நிற்காமல் பேசிய நாக்கு, தேவைப்பட்ட அந்த ஒரே நிமிஷத்தில் வேலில் கிடந்தது. கண்ணீர் பொங்கியது. கோபம் அதைவிட வேகமாகப் பொங்கியது.

"மிஸ்யே, அவ மாட்டேங்கிறா!" என்றாள் பிரிஜித்.

"அவள் ஒன்றும் சொல்லவில்லையே."

பாக்கியம் ஒரு கையால் குடத்தைப் பிடித்தபடி மறு கையைப் பிரிஜித்தின் சொம்பில் நனைத்தாள். ஈர விரலைத் தன் நெற்றித் திருநீற்றில் தேய்த்து, கோணல் தையலுக்குச் சாக்பீஸ் போடுகிற அதே வேகத்தில், அந்தப் பெயர்மேல் ஒரு வெள்ளைக் கோடு இழுத்தாள். பிறகு அதற்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் விரலை ஊன்றினாள். எடுக்கவில்லை.

பின்னால் காவடிகள் தேங்கின. மேளக்காரன் திரும்பிப் பார்த்தான். ஜில்பெர் கடிகாரத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். தாளை மடிக்கப் போனவர் மடிக்கவில்லை.

"அது கிடக்கட்டும் மாடாம்" என்றார், குரலைத் தாழ்த்தி. "அந்த ரொஜே... கப்பல் ஏறினானா, இல்லையா?"

விரல் அங்கேயே இருந்தது.

ஜில்பெர் பெருமூச்சு விட்டுச் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். அவள் விரல் விலகிய இடத்தில் 'பாக்கியம்' என்று எழுதினார். "டிராங்கெபார்னும் போடுங்க" என்றாள் பிரிஜித். அதையும் எழுதினார். எழுதி முடித்து, "இப்போதாவது சொல்லுங்கள், ஏறினானா?" என்று நிமிர்ந்தார்.

பாக்கியம் அவருடைய சட்டைக் கையை முழங்கை வரை மேலே தள்ளினாள். குனியாமல், குடம் அசையாமல், கண்ணை மட்டும் தாழ்த்தி, அந்தக் கையில் ரோமம் சிலிர்த்து நிற்பதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சட்டைக் கையை ஒழுங்காகக் கீழே இழுத்துவிட்டு, பொத்தானையும் போட்டுவிட்டு, கோயிலை நோக்கி நடந்தாள்.