ஹீரா தண்டித்தவர்கள்

தென்காசியில் ஆசிரியர் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு மாடி அறையில் ஞாயிறுதோறும் ஆங்கில இலக்கியம் எடுக்கிறேன். கிரேக்க புராணம் தெரியாமல் அந்தப் பாடத்தில் நகர முடியாது. அதிலும் தேவர்களின் ராஜா ஜீயஸின் காதல் விவகாரங்களை மனப்பாடம் செய்வது பெரும்பாடு. அதனால் பலகையில் நான்கு கட்டம் போடுவேன். பெண்ணின் பெயர், அவர் என்ன வேஷத்தில் போனார், பிறந்த பிள்ளை, மனைவி ஹீரா அந்தப் பெண்ணை என்ன செய்தாள். அன்னமாகப் போனார், காளையாகப் போனார், பொன்மழையாகக்கூடப் பெய்தார். ஒருத்தி கரடியானாள். ஒருத்தி எரிந்து சாம்பலானாள். ஒருத்திக்குப் பிரசவிக்க எங்கும் இடம் கிடைக்கவில்லை. ஆறு வருடமாக இதையே எழுதி அழிக்கிறேன். கை தானாகப் போகும்.

போன குற்றால சீசனில் ஒரு ஞாயிறு. வெளியே சாரல். பாதிப் பேர் அருவிக்குப் போய்விட்டார்கள். முன்பெஞ்சில் இருந்த அச்சன்புதூர்ப் பெண், கணவர் போலீஸ், எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“மேடம், எல்லாத் தண்டனையையும் அவளுவளுக்கே குடுக்காளே. அந்தாளுக்கு ஒண்ணுமே கிடையாதா?”

“அது கேள்வித்தாள்ல வராதும்மா” என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த வரி எழுத வரவில்லை.

என் கணவர் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். மூன்று வருடத்துக்கு முன்னால், அங்கே வரவேற்பில் இருந்த பண்பொழி ஊர்ப் பெண்ணுக்கு அவர் அனுப்பிய மெசேஜ்களைப் பார்த்துவிட்டேன். உடனே ஆட்டோ பிடித்துப் போனேன். குளித்துவிட்டு ஈரத் தலையோடு நின்ற குடும்பங்களுக்கு முன்னால், வாயில் வரக்கூடாத வார்த்தைகளை எல்லாம் அவளைப் பார்த்துச் சொன்னேன். அன்றைக்கே முதலாளி அவளை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். என் கணவர் அறைச் சாவிகளைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார். அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. சொந்தக்காரர்கள் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள், குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டேனாம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்த ஞாயிறு வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சீசன் கூட்டத்தில் மூன்று மணிக்குத்தான் அவருக்குச் சாப்பாடு.

“அந்தப் பிள்ளை இப்போ எங்கன இருக்கா?”

யாரைக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். “கடையம் பஜார்ல ஏதோ கடையில நிக்காளாம். கல்யாணமும் அமையலையாம். இப்போ எதுக்குட்டி அது? அதான் எல்லாம் முடிஞ்சு போச்சே.”

“அவளுக்குத்தான் முடிஞ்சுது. உங்களுக்கு என்ன முடிஞ்சுது?”

அவர் தலையை நிமிர்த்தவில்லை. “அவ ஒரு மெசேஜுக்குக்கூடப் பதில் போடல. நான்தான் பின்னாலயே அலைஞ்சேன். நீ கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்.”

சொல்லிவிட்டு ரசம் கேட்டார். ஊற்றினேன். வந்த கோபம் அவர்மேல் என்றுதான் முதலில் நினைத்தேன், என்மேல்தான் என்று பிறகு தெரிந்தது.

கடையத்தில் எந்தக் கடை என்று கேட்டேன். தெரியாது என்றார்.