எழுபத்திரண்டு போக மீதி

"எவ்வளவு சார் காட்டுது?" என்று கேட்கிறார், கூரையைப் பார்த்தபடி. குனிந்து பார்த்துப் பயனில்லை. அவர் எடை மெஷின் மேல் நிற்கிறார். தோளில் பேஸ் கிட்டார் தொங்குகிறது. அதன் அகன்ற உடம்பு காலடியில் இருக்கும் முள்ளை மறைத்துக்கொண்டு நிற்கிறது. அதனால் ஞாயிறுதோறும் காலையில் பக்கத்து வீட்டுக்காரனான நான் அவருடைய கூடத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து முள்ளைப் பார்த்துச் சொல்கிறேன். பல் தேய்த்து முடிப்பதற்குள் கதவைத் தட்டிவிடுவார்.

"எழுபத்தாறரை."

கண்ணை மூடி மனக்கணக்குப் போடுகிறார். "எழுபத்திரண்டு போக, நாலரை. போன மாசம் அஞ்சு. மரம் காயுது சார், நான் சொல்லல?"

எழுபத்திரண்டு அவருடைய சொந்த எடை. மீதி கிட்டாருடையது.

ஊரில் பெரிய ஓட்டல் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் மாலை நேரங்களில் வாசிக்கும் குழுவில் அவர் இருக்கிறார். பாடுகிறவள் முன்னால், டிரம்ஸ்காரர் பின்னால், இவர் டிரம்ஸ்காரருக்கும் பின்னால். தடித்த நாலு கம்பிகளை விரலால் தட்டிக்கொண்டிருப்பார். "சாப்பிடறவங்க காதுல விழாது சார். அவங்க கிளாஸ்ல இருக்கிற தண்ணி ஆடும் பாருங்க, அதுதான் நான்" என்பார். இருபத்தைந்து வருஷமாகத் தண்ணீரை ஆட்டிக்கொண்டிருக்கிறார். ஒருவர்கூட நிமிர்ந்து பார்த்ததில்லையாம்.

வீட்டில் பயிற்சி செய்ய ஸ்பீக்கர் போடுவதில்லை. குடியிருப்பில் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். கிட்டாரின் தலையை மர அலமாரியில் முட்டுக்கொடுத்து வாசிப்பார். அலமாரி உம்மென்று அதிரும். அந்த அலமாரி எங்கள் வீட்டுச் சுவரோடு ஒட்டியிருப்பது. முதன்முதலில் என் மனைவி எங்கள் ஃப்ரிட்ஜுக்குத்தான் ஏதோ வியாதி என்று மெக்கானிக்கை வரவழைத்தாள். அவர் அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு, குத்துக்கல்லாட்டம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அலமாரிக்குள் இருப்பவை அவருடைய மனைவியின் துணிமணிகள். அந்த அம்மாள் காலமாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. யாருக்காவது கொடுத்துவிடலாமே என்று கேட்டதற்கு, "துணி இருக்கிறதாலதான் சார் சத்தம் மெத்துனு வருது. காலி பண்ணினா தகர டப்பா மாதிரி கேக்கும்" என்றார். தொழில் ரீதியான காரணம்.

பேஸ் கிட்டார் எவ்வளவு கனமாக இருக்கலாம் என்பதில் அவருக்குத் திடமான கொள்கை உண்டு. "நாலு கிலோதான் அளவு. நாலரை வரைக்கும் தோளு பொறுத்துக்கும். அஞ்சு தாண்டினா மறுநாள் சட்டை போடறப்ப தெரிஞ்சிடும்." அப்படிக் கொள்கை பேசுகிறவர் வாங்கியிருப்பதோ ஐந்தரை கிலோ. மரம் காயக் காய லேசாகிவிடும் என்று கடைக்காரன் சொன்னானாம். நம்பி வாங்கி, அன்று முதல் அது காய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். லேசானதையும் ஒருமுறை மாட்டிப் பார்த்தாராம். "மூணு கிலோ. கையை எடுத்தா தலை பொசுக்குனு கீழ சாயுது. இடது கை வாசிக்கிறதா, அதைத் தாங்கிப் பிடிக்கிறதா?"

முன்பெல்லாம் முள்ளைப் பார்த்துச் சொன்னது அந்த அம்மாள்தான். முதலில் அவரைத் தனியாக நிறுத்துவாள், பிறகு கிட்டாரோடு. சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கே கேட்கும். "எழுபத்திரண்டு. இப்ப எழுபத்தேழரை. இந்தக் கட்டையைத் தூக்கிற தோளு என்னை ஒருநாளாவது தூக்கிச்சா?" அவள் போன பிறகு முதல் பாதியை விட்டுவிட்டார். தனியாக ஏறுவதே இல்லை. கேட்டால், "அதை எதுக்கு மறுபடி பாக்கணும்? அவதான் பாத்துச் சொல்லிட்டாளே" என்பார்.

ஐந்து, நாலரை, மூன்று, ஒன்றரை, அரை என்று கிட்டார் இறங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அவருக்குச் சந்தோஷம். நான் முள்ளைப் பார்த்த பிறகு அவரைப் பார்ப்பேன். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டிருந்தார். சமையலறையில் ஒரே ஒரு வாணலி; அதிலேயே எதையோ கிளறி, நின்றபடி அதிலேயே தின்றுவிட்டு, தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவார். என் மனைவி வாராவாரம் சாப்பிடக் கூப்பிடுவாள். "ஆச்சு தங்கச்சி, இப்பத்தான்" என்பார். என்ன ஆச்சோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். ஒருமுறை நான் வாய்விட்டு, "உங்களையும் ஒருதரம் தனியா பாத்துடுவோமே" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு கதவைத் தட்டவில்லை. அதற்கடுத்த வாரம் தட்டினார். நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை பாட்டுக்காரி அவரைக் கைத்தாங்கலாகப் படியேற்றிக் கொண்டுவந்தாள். பாட்டுக்கு நடுவில் தள்ளாடி, டிரம்ஸ் மேல் சாய்ந்துவிட்டாராம்.

"அண்ணே, லேசா ஒண்ணு வாங்கிடுங்க, இல்ல வேற ஏதாவது பண்ணுங்க. பேஸையும் கீபோர்டுலயே போட்டுக்கலாமேன்னு மேனேஜர் கேக்கிறாரு. நான் எத்தனை நாள் சமாளிக்க முடியும்?"

"கிட்டார் இப்ப லேசாயிடுச்சும்மா. நாளைக்குக் காலையில சார் சாட்சியா எடை பாத்து உனக்கு போன்ல சொல்றேன். அதை அப்படியே மேனேஜர்கிட்ட சொல்லு."

மறுநாள் விடிந்ததும் தட்டினார். முகச் சவரம் செய்து, ஓட்டலுக்குப் போடும் சட்டையைப் போட்டிருந்தார். மெஷின் மேல் ஏறிக் கூரையைப் பார்த்தார். நான் முட்டி போட்டேன். முள் ஆடி நின்றது. ஒரு கிலோ கூட்டிச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"எவ்வளவு சார்?"

"எழுபத்திரண்டு."

கண்ணை மூடினார். "எழுபத்திரண்டு போக..." உதடு மட்டும் அசைந்தது. இவ்வளவு சின்னக் கணக்குக்கு அவ்வளவு நேரம் ஆகாது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தபோது சிரிக்கத்தான் பார்த்தார்.

"அப்போ கிட்டார் எங்க சார் போச்சு?"

அவர் வாரைத் தலைக்கு மேலாகக் கழற்றி, யாரையும் தொடவிடாத அந்த கிட்டாரை என் தோளில் மாட்டினார். ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று. ஐந்தரையில் ஒரு குந்துமணிகூடக் குறையவில்லை. இப்போது முள்ளை மறைக்க எதுவுமில்லை. தன் கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்தார்.

"அறுபத்தாறரை" என்று தானே சொன்னார். பிறகு, "அவ இருந்தா ஏசியிருப்பா" என்றார்.

எங்கள் வீட்டு வாசலிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "அண்ணே, சாப்பிட வரீங்களா?"

"ஆச்சு தங்..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். மெஷினைவிட்டு இறங்கிச் சமையலறைக்குள் போனார். ஏதோ உருட்டும் சத்தம், பிறகு குழாய்ச் சத்தம். தண்ணீர் சொட்டும் ஒரு தட்டோடு வெளியே வந்தார். என் தோளில் கிடந்த கிட்டாரைத் திரும்பிப் பார்க்காமல், ஓட்டல் சட்டையிலேயே தட்டைத் துடைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் போய் நின்றார்.