மகனின் ஸ்வெட்டர்

ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் மாடியில் குடியிருந்த பெரியவர், டிசம்பர் குளிரிலும் அரைக்கைச் சட்டைதான் போடுவார். வீட்டில் ஒரு அல்பாக்கா ஸ்வெட்டர் இருந்தது. ஏதோ வெளிநாட்டு மிருகத்தின் ரோமமாம். மகனுக்காகக் கடை கடையாக ஏறி, கன்னத்தில் தேய்த்துப் பார்த்து வாங்கினாராம்.

பூச்சி அரிக்கக்கூடாதென்று அதைப் பச்சைத் தண்ணீரில் அலசுவார். துண்டில் சுருட்டி ஈரத்தை அமுக்கி எடுத்து, மொட்டைமாடி நிழலில் கட்டில்மேல் கைகளை விரித்துப் படுக்கவைப்பார். காய்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்து காக்கை விரட்டுவார்.

அதிகம் பேசாத நானே ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"கொடியில போடுங்களேன் சார், காக்காவோட எதுக்குச் சண்டை?"

"ஐயோ, வேணாம்மா. தொங்கவிட்டா நீண்டுடும். அப்புறம் பையனுக்கு அளவு சரியா இருக்காது."

அந்தப் பையனின் அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன்.

என் ஈரப்புடவை ஸ்வெட்டர்மேல் சொட்டாதபடி கொடியின் மறுகோடிக்குத் தள்ளிப் போட்டேன்.