ஸ்டோர் சூட்டில் வைத்த ஆல்பம்

மண்சரிவில் வீட்டுக்குள் சேறு புகுந்து எங்கள் கல்யாண ஆல்பம் நனைந்துவிட்டது. இறந்துபோன அம்மாவின் படம் அதில் மட்டும்தான் உண்டு. மழைக்காலத்தில் பிள்ளைகளின் யூனிஃபார்மைக்கூட ஏலக்காயைத் தீச்சூட்டில் உலர்த்தும் ஸ்டோரில்தான் காயவைப்போம். ஆல்பத்தையும் அங்கேயே வைத்தேன்.

ஸ்டோரில் தீ போடும் சேவியர் அண்ணன் முன்பு போட்டோ ஸ்டுடியோவில் வேலையில் இருந்தவர். பார்த்ததும் வெளியே எடுத்துவிட்டார்.

"சூட்டுல காஞ்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும் தங்கச்சி. பிரிச்சா முகமே வராது. பச்சத்தண்ணி கொண்டா."

தண்ணீரில் ஊறவிட்டு, மதியம்வரை பொறுமையாகப் பிரித்து நிழலில் பரப்பினார். அம்மாவின் சேலை நிறம் மட்டும் கரைந்திருந்தது.

இப்போது எல்லாப் படத்துக்கும் ஒரு பிரதி கம்பம் ஊரில் உள்ள தம்பி வீட்டில் இருக்கிறது. சேலை பச்சை என்று என் மகளிடம் வாயால் சொல்லிவிடலாம். அந்த முகத்தை எப்படிச் சொல்லியிருப்பேன்?

- ரா. எஸ்தர், ஆனைக்கரை