ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடாத கம்ப்யூட்டர்

குடும்பத்தில் எல்லோரும் அவளைக் கடுகு என்றுதான் கூப்பிடுவார்கள். எண்ணெய் காய்வதற்குள் வெடித்துவிடுகிறாள் என்று அத்தை வைத்த பெயர். டவுன் பஸ் ஓட்டுகிறாள். அவள் பிரேக் மிதிக்கிற விதத்திலேயே அன்றைய நிலவரம் வழக்கமாக ஏறுகிறவர்களுக்குப் பிடிபட்டுவிடும். அந்த மாதம் முழுக்க அவர்கள் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேதான் போனார்கள்.

காரணம் ஒரு பழைய கம்ப்யூட்டர். கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் அடங்கியிருக்கும், டிவியில் மாட்டி ஓட்டுகிற வகை. அப்பா அதை வாங்கியது அண்ணனுக்காக. அண்ணன் பந்து விளையாடப் போகிற நேரத்தில் மட்டும்தான் அது கடுகின் கைக்கு வரும். அந்த இடைவெளியிலேயே அவள் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். பிறகு அண்ணனைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள், இவளுக்குக் கல்யாணம் பண்ணிவைத்தார்கள். அதைப் பற்றி அவள் யாரிடமும் புலம்பியதில்லை. மறந்ததும் இல்லை.

அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாளன்று, சொந்தக்காரர்கள் நிறைந்திருந்த கூடத்தில், அண்ணன் அந்தக் கம்ப்யூட்டரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினார்.

"உனக்காகவே பத்திரமா வெச்சிருந்தேன். ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடல."

எல்லோரும் கை தட்டினார்கள். கடுகு அழுதேவிட்டாள்.

வீட்டில் மாட்டினால் டிவியில் வெறும் நீலத்திரை. அது பழைய டிவிகளுக்கென்று செய்த சாமான். உள்ளே தீப்பெட்டி அளவுக்கு ஒரு தகரப் பெட்டி உண்டு. அதுதான் படத்தை ஆன்டெனாவில் வரும் ஒளிபரப்பைப் போல மாற்றி டிவிக்கு அனுப்பும். இந்தக் காலத்து டிவிக்கு அந்தப் பாஷை தெரியாது. இதற்கும் வழி இருந்தது. தகரப் பெட்டியை ஓரங்கட்டிவிட்டு, அதற்குள் போகிற வீடியோ சிக்னலை முன்னாலேயே பிடித்து, ஒரு டிரான்சிஸ்டர் வழியாக டிவியில் செருகும் மஞ்சள் பிளக்குக்குக் கொடுத்துவிட வேண்டும். டெப்போ மெக்கானிக்குகளோடு பழகியதில் கடுகுக்கு ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங் வேலை கைவந்திருந்தது. ஒரே மாலையில் வேலையை முடித்து டிவியைப் போட்டாள்.

படம் வந்தது. ஆனால் இருட்டிப்போய் வந்தது. எழுத்துகள் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிந்தன.

சலூன் வைத்திருக்கும் அவள் கணவர் எட்டிப் பார்த்தார். "ஆவி மாதிரி தெரியுதே. எதுக்கும் லேசா ஒரு தட்டு தட்டிப் பாரேன்."

"தட்டறேன். உங்க தலையில."

அவர் சத்தமில்லாமல் சமையலறைக்குப் போய்விட்டார்.

கேபிளை மாற்றினாள். பக்கத்து வீட்டு டிவியில் மாட்டினாள். கரண்டு சரியாக வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தாள். டிரான்சிஸ்டரைப் பற்றித் தேடியபோது, எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் கொடுத்தது வேறு நம்பர் என்றும், அதற்குக் கால்களின் வரிசையே வேறு என்றும் தெரிந்தது. நேரே கடைக்குப் போனாள்.

"கால் மாறியிருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிச்சிருக்குமா?"

"நீங்க கேக்கலையேம்மா."

"சோத்துல கல்லு இருக்கான்னு கேட்டுட்டா சாப்பிடுவாங்க?"

கால்களை மாற்றி வைத்ததும் வெளிச்சம் கொஞ்சம் கூடியது, நெளிவு மட்டும் போகவில்லை.

இதற்கிடையில் கணவர் போனில் பேச்சுவாக்கில் அண்ணனிடம் விஷயத்தை உளறிவிட்டார். மறுநாளே அது சொந்தபந்தம் முழுக்கப் பரவியது. "நல்லா இருந்த சாமான். குடுத்த கையோட பிரிச்சு நாசம் பண்ணிட்டா," என்று அண்ணன் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை போன் பண்ணி, "உனக்கு எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை? அவன் எவ்வளவு ஆசையா வெச்சிருந்தானாம்!" என்றாள். நாம்தான் கெடுத்துவிட்டோமோ என்று கடுகுக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது. அந்தச் சந்தேகம்தான் அவளை அதிகமாக எரித்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரும்பவும் மூடியைக் கழற்றி உட்கார்ந்தாள். வீடியோ லைனில் மீட்டரை வைத்தாள். இணையத்தில் தேடி எடுத்த சர்க்யூட் வரைபடத்தில் போட்டிருந்த அளவில் பாதிகூட இல்லை. தகரப் பெட்டிக்குப் போகிற கம்பியை ஏற்கெனவே எடுத்தாயிற்று. அப்படியானால் வேறு எதுவோ அதே சிக்னலைக் குடித்துக்கொண்டிருக்கிறது. தகரப் பெட்டியையே பலகையிலிருந்து பெயர்த்தெடுத்தாள். ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுப்பதற்குள் கழுத்து வலி கண்டுவிட்டது.

பெட்டிக்கு அடியில் இன்னொரு டிரான்சிஸ்டர் நசுங்கிக் கிடந்தது. யாரோ இதே மாற்றத்தை அரைகுறையாகச் செய்துபார்த்து, அப்படியே விட்டுவிட்டு மூடியிருந்தார்கள். ஈயம் புதுசாகப் பளபளத்தது. மேலே பச்சை டேப் சுற்றியிருந்தது. அந்த டேப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும். அண்ணன் வீட்டு ரிமோட்டின் முதுகில், குடையின் கைப்பிடியில், அவருடைய மூக்குக்கண்ணாடியின் காலில்கூட அதே பச்சைதான்.

அதை வெட்டியெடுத்துவிட்டு டிவியைப் போட்டாள். எழுத்துகள் ஒவ்வொன்றும் துடைத்துவைத்ததுபோல் நின்றன. கணவர் கை தட்டினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தட்டுக்குப் பக்கத்தில் பச்சை டேப்போடு அந்த டிரான்சிஸ்டரை வைத்தாள்.

"இது என்ன?"

"எனக்கென்ன தெரியும்?"

பரிமாறிக்கொண்டிருந்த அண்ணி கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டார். "அவ கேக்கறா இல்ல, சொல்லுங்க. ஆபீஸ் ஆளு ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து நோண்டினீங்களே, அதைச் சொல்லுங்க."

"விக்கலாம்னு பாத்தேன்," என்றார் அண்ணன், தட்டைப் பார்த்தபடி. "படம் சரியா வரலைன்னு யாரும் வாங்கல. சரி, தங்கச்சிக்காவது ஆகட்டுமேன்னு..."

"விலை போகாததைத்தான் எனக்காகப் பொத்திப் பொத்தி வெச்சிருந்தியா?"

"ஒரு விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு கோபமா?"

"சாமானுக்கு இல்ல! நீ கெடுத்ததை நான் கெடுத்தேன்னு ஊரெல்லாம் சொன்ன பாரு, அதுக்கு. போனை எடு. யார் யார்கிட்ட சொன்னியோ, அவங்ககிட்ட எல்லாம் இப்பவே உண்மையைச் சொல்லு."

"வேற வேலை இல்ல எனக்கு."

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தார். அத்தையைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார். "அத்தை, கம்ப்யூட்டரைக் கெடுத்தது கடுகு இல்ல, இவர்தான். கெடுத்துட்டுதான் அவகிட்ட குடுத்தாரு. இப்ப அவளே சரி பண்ணிட்டா."

ஸ்பீக்கரில் அத்தையின் குரல் வந்தது. "நான் அப்பவே நினைச்சேன்!"

அவள் நினைத்திருக்கவே மாட்டாள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு மன்னிப்பும் வரவில்லை. கடுகும் அதற்காகக் காத்து நிற்கவில்லை.

அண்ணி தெருமுனை வரை கூடவே வந்தார்.

"கோபம் தீர்ந்துச்சா?"

"இல்ல அண்ணி."

"எனக்கும் தீரல," என்றார் அண்ணி. அவருடைய கோபம் இந்தக் கம்ப்யூட்டரைப் பற்றியது மட்டுமல்ல என்பது குரலிலேயே தெரிந்தது. சற்று நடந்துவிட்டு, "இத்தனை வருஷம் அது எங்க பரண்லதான் கிடந்துச்சு. ஒரு நாளாவது எனக்குப் போட்டுக் காட்டினதில்ல. நான் வந்து பாக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வாங்க. தனியா வாங்க," என்றாள் கடுகு.